சேர் ஜோன் கொத்தலாவலவின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மாணவர்களே, அரிசி விலையேற்றத்தை எதிர்த்து இடதுசாரிகள் 1953 ஆகஸ்ட் 12இல் நடத்திய ஹர்த்தாலையடுத்து டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒக்டோபரில் பிரதமரானவர் கொத்தலாவல. கம்யூனிச எதிர்ப்பே இவரது வெளிநாட்டுக் கொள்கையின் அச்சாணி. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமும் குடியேற்றவாதமே என 1955இல் பாண்டுங் மாநாட்டில் கூறி நேருவின் அதிருப்திக்கு ஆளானார்.

மாத்தளைத் தோட்டப்புற மாணவர்கள் 1954இன் நேரு–கொத்தலாவல ஒப்பந்தத்தை ஊன்றிப் படித்தல் அவசியம். 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த உங்கள் பாட்டன் பாட்டிமாரின் துயர் அதனாலும் தீரவில்லை. இலங்கை பெரும்பாலான விண்ணப்பங்களை நிராகரித்தது. அவர்கள் யாவரையும் தன் பிரசைகளாக ஏற்க இந்தியாவும் உடன்படவில்லை.

வீழ்ச்சிக்கு உடனடிக் காரணம் மொழி. (பலர் இங்கேதான் புள்ளி இழப்பர், ஹர்த்தாலை எழுதிவிடுவர்.) யாழ்ப்பாணத்தில் இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்றவரின் கட்சி, 1956 பெப்ரவரியில் களனியில் 'சிங்களம் மட்டும்' என்றது. தமிழ் உறுப்பினர்கள் விலகினர். சிங்கள வாக்காளரோ நம்பவில்லை. ஏப்ரல் தேர்தலில் 95 ஆசனங்களில் ஐ.தே.க. பெற்றது 8 மாத்திரமே.

தென்கொரியாவின் சிங்மன் ரீயுடன் ஒப்பிடுக. கம்யூனிச எதிர்ப்பாளரான அச்சர்வாதியை, 1960 தேர்தல் மோசடியின் பின் மாணவர் கிளர்ச்சி அகற்றியது. கொத்தலாவலவை அகற்றியது வாக்குச்சீட்டு. தோட்ட மக்களுள் பெரும்பாலானோரிடம் அது இருக்கவில்லை.