பாட்டியின் தூக்கம் கலையவில்லை!

இரண்டு நல்ல மருந்துகள் சேர்ந்தால் நேரும் விபரீதம்

ஒரு வீட்டில் ஒரு பாட்டி. வயது எழுபது. இரவில் தூக்கம் வராது. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி, படுக்கும்போது ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொள்வாள். காலை 6 மணிக்கெல்லாம் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு விடுவாள்.

ஒரு நாள் பாட்டிக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டன. தெருக்கோடியில் உள்ள வேறொரு டாக்டரிடம் போனாள். அவர், கிருமியைக் கொல்லும் மாத்திரை கொடுத்தார். பாட்டி இரண்டு மாத்திரைகளையும் சாப்பிட்டு வந்தாள்.

நான்காம் நாள் காலை. மணி 9 ஆகியும் பாட்டி எழுந்திருக்கவில்லை. தட்டி எழுப்பினால் பேச்சு குழறியது. எழுந்து நின்றால் கால் தள்ளாடியது. வீட்டார் பதறிப் போனார்கள்.

தூக்க மாத்திரையைக் கூடுதலாகப் போட்டு விட்டாளா? இல்லை. வழக்கம்போல் ஒன்றுதான்!

இந்தப் பாட்டி கற்பனைப் பாட்டி. ஆனால் இப்படி எந்த வீட்டிலும் நடக்கக்கூடும். அது எப்படி?

கை கட்டப்பட்ட வேலைக்காரன்

நாம் விழுங்கும் மருந்து உடம்பிலேயே தங்கி விடுவது இல்லை. வேலை முடிந்ததும் அது சிதைந்து வெளியேற வேண்டும். சிதைக்கும் வேலையைச் செய்பவை, ஈரலிலும் குடலிலும் உள்ள "என்சைம்" என்னும் பொருள்கள். வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலைக்காரன் போன்றவை அவை.

அல்பிரசோலம், மிடாசோலம் போன்ற பல தூக்க மருந்துகளைச் சிதைப்பது ஒரே வகை என்சைம்தான்.

எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இந்த வேலைக்காரனின் கையைக் கட்டிப்போட்டு விடுகின்றன. அதனால், நேற்றுப் போட்ட தூக்க மாத்திரை முழுவதும் வெளியேறவில்லை. அதற்குள் இன்றைய மாத்திரையும் வந்து சேருகிறது. சாப்பிட்டது ஒரு மாத்திரை. உடம்புக்கோ பல மாத்திரை சாப்பிட்ட கதி!

பின்லாந்தில் நடந்த சோதனை

எரித்ரோமைசின் புதிய மருந்து அல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. 1952-ம் ஆண்டு முதல் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி இருக்கிறது.

பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1993-ம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உடல் நலம் உள்ள 12 பேர் இதற்கு முன்வந்தார்கள். ஒரு முறை எரித்ரோமைசினும், மற்றொரு முறை மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. இரு முறையும் மிடாசோலம் என்ற தூக்க மாத்திரையும் தரப்பட்டது.

முடிவு என்ன? எரித்ரோமைசின் சாப்பிட்டபோது, உடம்பில் சேர்ந்த தூக்க மருந்து 4 மடங்குக்கும் அதிகம்! இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, அல்லது தூக்க மருந்தை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்தது.

இன்னொரு விசித்திரம்

இதற்கு நேர் எதிராகவும் நடப்பது உண்டு.

காசநோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து ரிபாம்பிசின். இது வேலைக்காரனின் கையைக் கட்டுவது இல்லை. ஒரு வேலைக்காரன் இருந்த இடத்தில் பல பேரைக் கொண்டுவந்து நிறுத்தி விடுகிறது! தூக்க மாத்திரை வயிற்றுக்குள் போனதும் சிதைந்து விடுகிறது. பின்லாந்தில் நடந்த மற்றொரு சோதனையில், ரிபாம்பிசின் சாப்பிட்டவர்களின் உடம்பில் மிடாசோலத்தின் அளவு 96 சதவீதம் குறைந்தது. இது 1996-ல் வெளியான முடிவு.

"மாத்திரை பலிக்கவில்லையே!" என்று நோயாளி தாமாகவே இரண்டு, மூன்று என்று கூட்டிக் கொள்கிறார் என்று வைத்துக் கொள்வோம். காசநோய் குணமாகி, ரிபாம்பிசின் நின்று விடுகிறது. சுமார் இரண்டு வாரத்தில் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பி விடும். அதன் பிறகும் அவர் மூன்று மாத்திரை போட்டால்? அது மூன்று மாத்திரையின் வேகத்தோடு தாக்கும்!

பயப்பட வேண்டாம்

எல்லா மருந்துகளும் இப்படி மோதிக்கொள்வது இல்லை. எரித்ரோமைசினின் இனத்தைச் சேர்ந்த அசித்ரோமைசின், தூக்க மருந்துகளை இப்படித் தடுப்பது இல்லை. அமாக்சிசிலினும் அப்படியே. ஆகவே டாக்டருக்கு விஷயம் தெரிந்தால், வேறு மருந்து கொடுக்க வழி உண்டு.

இதைப் படித்துவிட்டு, மாத்திரையை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள். அதுவும் ஆபத்துதான். நெடுநாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், சிலருக்கு வலிப்பு வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால், நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

என்ன செய்ய வேண்டும்?

டாக்டரிடம் போகும்போது, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. அட்டையைக் காட்டினால் போதும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால், நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2014-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி இந்த விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு மருந்தை ஒரு கடையிலும், மற்றொன்றை வேறு கடையிலும் வாங்கினால், அந்தப் பதிவேடு உங்களை எச்சரிக்காது.

இரண்டு மருந்துகளையும் சாப்பிடுபவர் அளவுக்கு மீறித் தூங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, தள்ளாடினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு மெதுவானால், அல்லது எழுப்பியும் எழாவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 108 ஆம்புலன்சை அழையுங்கள். மது அருந்துபவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம். முதியவர்கள் தள்ளாடி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிந்துவிடக்கூடும்.

கதையில் வந்த பாட்டி, "டாக்டர், நான் ராத்திரி தூக்க மாத்திரை போடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி இருந்தால்? அவர் வேறு மருந்து கொடுத்திருப்பார். நான்காம் நாள் காலையிலும் அந்த வீட்டு வாசலில் கோலம் இருந்திருக்கும்!