நாளைக்கு என்ன விலை?

விடியற்காலையில் வீட்டு அம்மாள் எழுந்து மோட்டார்ப் பொத்தானை அழுத்துகிறாள்; கிணற்று நீர் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. அடுப்பில் தோசைக்கல் காய்கிறது. தெருமுனையில் பஸ் பிரேக் போட்டு நிற்கிறது. குழந்தை சாக்கடை மூடியைத் தாண்டிக் குதித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறது. பம்பின் உடல், பழைய தோசைக்கல், பஸ்ஸின் பிரேக் டிரம், சாக்கடை மூடி ஆகிய நான்குக்கும் பூர்வ ஜன்மம் ஒன்றுதான். நான்கும் தண்ணீரைப் போல் ஓடிய இரும்பு. மணலில் அமைத்த குழிக்குள் ஊற்றி, ஆறவைத்து, மணலை உடைத்து எடுத்தவை.

இவற்றை வார்த்துக் கொடுக்கும் மனிதர்களைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. பம்பின் விலை ஏறினால் கடைக்காரரைக் கடிந்துகொள்வதோடு நம் பொருளாதார ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. கடைக்காரருக்குப் பின்னால் பம்ப் கம்பெனிக்காரர் இருக்கிறார். அவருக்கும் பின்னால், புகையும் மணலும் சூழ, வார்ப்படசாலை முதலாளி ஒருவர் நிற்கிறார். அவருடைய மனத்தில் இப்போது தைரியம் இருக்கிறதா, கலக்கம் இருக்கிறதா என்பதே நாம் இந்த வாரம் எடுத்துக்கொண்ட விஷயம்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள வார்ப்படசாலைச் சங்கங்களின் கூட்டமைப்பு மாதந்தோறும் முதலாளிகளிடம், "இப்போது வியாபாரம் எப்படி? இன்னும் ஆறு மாதத்தில் எப்படி இருக்கும்?" என்று கேட்டு, பதில்களையெல்லாம் திரட்டி ஓர் எண்ணாக்கி வெளியிடுகிறது. வைத்தியர் ஜுரம் பார்ப்பதுபோல் மனிதருடைய நம்பிக்கையை அளந்து சொல்லிவிடுகிறார்கள்! கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், அரசூர்ப் பக்கம் போனால் எண்ணைத் தேட வேண்டியதில்லை. வார்ப்படசாலை முற்றத்தில் பிக் அயர்ன் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்த்தால் ஒருவாறு தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குவியலையும் ஜாக்கிரதையாகவே படிக்க வேண்டும். வேலை நிறைய வரும் என்ற நம்பிக்கையால் வாங்கிப் போட்டவர் உண்டு. அடுத்த வாரம் விலை ஏறிவிடும் என்ற பயத்தால் வாங்கிப் போட்டவரும் உண்டு.

(பன்றிக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். முற்காலத்தில் பெரிய உலையிலிருந்து வழியும் இரும்பை நடுவில் ஒரு வாய்க்காலாக ஓடவிட்டு, இரு பக்கமும் சிறு குழிகளில் பாயச் செய்வார்களாம். தாய்ப் பன்றியிடம் குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பதுபோல் அது தோன்றியதால் இந்தப் பெயர்.)

கோயம்புத்தூருக்கு இந்தத் தொழில் வந்த கதை சுவாரஸ்யமானது. பஞ்சாலைகள் பெருகின, அவற்றின் யந்திரங்களைப் பழுதுபார்க்க உதிரிப் பாகங்கள் வேண்டியிருந்தன. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா அருவி மின்சாரமாகி இறங்கி வந்தது. ஆழக் கிணறுகள் நிறைந்த கொங்கு நாட்டு விவசாயி, மாட்டையும் கவலையையும் விட்டு மோட்டாரை நாடினான். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்நாட்டு மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். மோட்டாருக்கு உடல் வேண்டும், பம்புக்கு உடல் வேண்டும். வார்ப்படசாலைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. இன்று உலகில் சீனாவுக்கு அடுத்தபடி அதிகமாக வார்ப்படம் செய்யும் நாடு இந்தியா என்றால், அந்தப் பெருமையில் கோயம்புத்தூருக்கும் கணிசமான பங்கு உண்டு.

பெருமை இருக்கட்டும், லாபம் இருக்கிறதா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நாம் கற்பித்துக்கொண்ட கணக்குத்தான். ஆனால் தொழிலின் போக்கை விளக்கும். ஒருவர் கிலோ நூறு ரூபாய்க்கு வார்ப்பு செய்து தருவதாக ஒப்புக்கொள்கிறார். அதில் ஐம்பத்தைந்து ரூபாய் பிக் அயர்னுக்கும் பழைய இரும்புக்கும் போகிறது. கூலி, மின்சாரம், மணல், வட்டி எல்லாம் போக அவர் கையில் நிற்பது ஐந்து ரூபாய். இரும்பு விலை பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது. அந்த ஐந்து ரூபாயும் போய், கைப்பணம் அரை ரூபாயும் சேர்ந்து போய்விட்டது. வாங்குகிறவர் விலையைத் திருத்திக் கொடுக்கமாட்டாரா? கொடுப்பார்; ஆனால் மூன்று மாதக் கடைசியில் கொடுப்பார். நடுவிலுள்ள மூன்று மாதமும் முதலாளி தம் கையிலிருந்து இரும்பை வாங்கி உருக்கி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். விலை ஏறுவதைக் கண்டு இந்தத் தொழிலில் யாரும் அஞ்சுவதில்லை. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தெரியாததுதான் அவர்களைக் கலக்குகிறது.

தெரியாமலே கழிந்த வருஷங்கள் எத்தனை! 2020 மார்ச்சில் கொள்ளை நோய்க்காக நாடே கதவடைத்தது. கதவு திறந்து வேலை வந்தபோது இரும்பு விலையும் கூடவே வந்தது. அவ்வருஷக் கடைசியிலிருந்து 2021 முழுவதும் அது ஏறிய ஏற்றத்தில், ஆர்டர் கையில் இருந்தும் வார்க்கத் தயங்கியவர்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் மூண்டது. உலகச் சந்தையில் பிக் அயர்ன் விற்கும் நாடுகளில் ருஷ்யாவும் உக்ரேனும் முக்கியமானவை அல்லவா? அங்கே பீரங்கி முழங்கிற்று. இங்கே அரசூரில் கொட்டேஷனைத் திருத்தி எழுதினார்கள். அவ்வாண்டு மே மாதம் மத்திய சர்க்கார் பிக் அயர்ன் ஏற்றுமதிக்கு நூற்றுக்குப் பதினைந்து வரி போட்டது. வார்ப்படக்காரர்கள் சற்று மூச்சு விட்டார்கள். நவம்பரில் அந்த வரி எடுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் வரி வந்தும் போயிற்று. ஒரு வருஷத்துக்கு ஒரே விலை சொல்லு என்று கேட்கும் வாடிக்கைக்காரர் மட்டும் போகவில்லை.

மின்சாரத்தின் கதை தனி. முன்பு கரியை எரிக்கும் குபோலா உலையே எங்கும் இருந்தது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதியாதலால் நல்ல கோக்குக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டும். அந்தத் தொல்லைக்கும் புகைக்கும் பரிகாரமாகப் பலர் கடன் வாங்கி மின்சார இண்டக்‌ஷன் உலை வைத்தார்கள். இதில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறக்குறைய அறுநூறு யூனிட் செலவாகும். 2012-இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தபோது இந்த உலைக்காரர்கள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! பாதி உருகிய நிலையில் மின்சாரம் நின்றால் இரும்பு உலைக்குள்ளேயே உறைந்து கிடக்கும். பிறகு மின்வெட்டு தீர்ந்தது. ஆனால் 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் உயர்ந்தது. காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம். உலை எரிந்தாலும் எரியாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக் கட்டணம். வேலை இல்லாத மாதத்திலும் பில் வருகிறது என்பதே சிறு முதலாளிகளின் மனக்குறை. 2023 செப்டம்பரில் அவர்கள் ஒரு நாள் கதவடைத்து அதை ஊருக்குத் தெரிவித்தார்கள். இந்தக் குறை நியாயமானது என்பதே நம் அபிப்பிராயம். உருக்கிய இரும்புக்குக் கூலி கேட்கலாம். உருக்காத இரும்புக்கும் அதே கண்டிப்போடு கேட்டால் சிறியவன் எங்கே போவான்?

அப்படியானால் சந்தையில் கிராக்கி இல்லையா? இருக்கிறது, ஆனால் அது பல தெய்வங்களைக் கும்பிட்டு வருவது. கோடையில் கிணறு வற்றினால் பம்ப் விற்கும். மழை முன்னதாகவே பெய்துவிட்டால் ஊரெல்லாம் மகிழும். பம்ப் கடையில் சரக்கு தேங்கும். வானம் கறுத்தால் முகம் கறுக்கும் வியாபாரி உலகத்தில் குடை விற்காதவனும் பம்ப் வார்ப்பவனுந்தான் போலும். 2019-இல் மோட்டார் வண்டி விற்பனை சரிந்தபோது பிரேக் டிரம் வார்த்தவர்கள் உலையை வாரத்தில் சில நாளே மூட்டினார்கள். 2022 ஜூலையில் பம்புக்கான ஜி. எஸ். டி. நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டாயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு ஐம்பது சதவிகிதம் வரை சுங்கம் விதித்தபோது, வால்வும் பம்ப் பாகமும் கப்பலேற்றி வந்தவர்களுக்கு அது பேரிடியாயிற்று.

சரக்கு கொடுத்த பின் பணம் வாங்குவது வேறொரு பாடு. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சொல்லியும் கேட்காததால், கெடு தவறியவர் அந்தத் தொகையைக் கொடுத்துத் தீர்க்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் பெரியவரிடம் சட்டத்தைக் காட்டிப் பணம் வாங்கிய சிறியவருக்கு அடுத்த ஆர்டர் வருமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

சென்ற மாதம் நண்பர் ஒருவருடைய வார்ப்படசாலைக்குப் போயிருந்தோம். மாலை நேரம். கறுத்த மணலைப் பெட்டியில் திணித்து, மாதிரியை மெல்ல உருவி எடுத்து, மணலில் பதிந்த உருவத்தின் ஓரத்தை ஒரு வாலிபன் கரண்டியால் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தான். பீஹார்க்காரன். தமிழ் நன்றாகவே பேசினான். இவனைப் போன்றவர்கள் இல்லாமல் இன்று கோயம்புத்தூரில் உலை மூட்ட முடியாது. 2023 மார்ச்சில் வடநாட்டுத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்ச் செய்தி பரவியபோது பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். "இரும்பு விலை ஏறினா கடன் வாங்கிச் சமாளிக்கலாமுங்க. கை பழகின ஆள் போய்ட்டா எந்தப் பாங்கில் கடன் கேட்கிறது?" என்றார் நண்பர்.

அவர் மேஜைமேல் ஒரு கடிதம் கிடந்தது. வாடிக்கைக் கம்பெனியிலிருந்து வந்தது. அடுத்த வருஷத்துக்கு மாதம் இருபது டன் வேண்டும். வருஷம் முழுவதும் மாறாத விலை குறிப்பிடுக. மூன்று நாளாகக் கடிதம் அங்கேயே இருப்பதாகச் சொன்னார். அதிக விலை எழுதினால் வேலை ராஜ்கோட்டுக்குப் போய்விடும். குறைத்து எழுதினால் வேலை கிடைத்துவிடும், அதுதான் பயம் என்றார்.

இதற்குள் உலை பதத்துக்கு வந்துவிட்டது. மேஸ்திரி குரல் கொடுத்தார். நண்பர் கடிதத்தின்மேல் ஒரு வார்ப்புத் துண்டைப் பாரமாக வைத்துவிட்டு எழுந்து போனார். அகப்பையிலிருந்து இரும்பு வெள்ளை வெளேரென்று பெட்டிக்குள் இறங்கிற்று. முப்பது பெட்டி ஊற்றி முடிந்ததும், "நாளைக்கு எத்தனைங்க?" என்று மேஸ்திரி கேட்டார். நண்பர் சற்று யோசித்து, "முப்பதே போடுங்க" என்றார்.