கெண்டைக்காலில் புடைப்பது நரம்பா?

மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுப்பவர்களின் கெண்டைக்காலில் நீலமாய்ப் புடைப்பதை, "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம். அது நரம்பல்ல, இரத்தக்குழாய். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றைத் தமிழிலேயே படிப்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' நூலும் வந்தது. நாமும் தமிழிலேயே அறிவோம்.

கெண்டைச்சதை சுருங்கும்போது இரத்தம் மேலே ஏறுகிறது. அது கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் தளர்ந்தால் குழாய் புடைக்கும். ஓய்வில் காலை உயர்த்தி வையுங்க.

நரம்பு இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்குகிறது. அது நசுங்கினால் சுரீரென்று இழுக்கும், கால் மரத்துப்போகும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூச்சும் வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.