தர்மக் கணக்கு – 17: பழுப்பு நாயும் ஐயாயிரம் பவுண்டும்

சென்ற வாரம் பெம்செல் வழக்கில் நிறுத்தினோம். வறியோர்க்கு உதவி, கல்வி, சமயம், இந்த மூன்றிலும் அடங்காமல் சமூகத்துக்கு நன்மை தரும் மற்றவை என்று 1891-இல் லார்ட் மக்நாட்டன் தர்ம காரியங்களை நான்காக வகுத்தார். முதல் மூன்றில் பெரிய சண்டை கிடையாது. நான்காவதில்தான் தகராறு முழுவதும். எது சமூகத்துக்கு நன்மை என்று யார் சொல்வது? அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, அரை நூற்றாண்டு வைத்திருந்த வரிவிலக்கைப் பறிகொடுத்த ஒரு சங்கத்தின் வரவு செலவுதான் இந்த வாரம்.

உயிருள்ள விலங்குகளை ஆய்வுக்காக அறுப்பதை எதிர்த்து 1875-இல் லண்டனில் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் பிரான்செஸ் பவர் காப். டப்ளினில் பிறந்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர், கணவனிடம் அடிபடும் மனைவிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதிப் போராடியவர். தொழிற்சாலைச் சட்டங்களுக்காக உழைத்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைச் சங்கத்தின் தலைவராக்கினார். விக்டோரியா தெருவில் அலுவலகம் என்பதால் விக்டோரியா தெருச் சங்கம் என்றே பேர் விழுந்தது. பிறகுதான் அது தேசிய விவிசெக்‌ஷன் எதிர்ப்புச் சங்கம் ஆயிற்று.

சங்கம் பிறந்த மறு ஆண்டே, 1876-இல், விலங்கு ஆய்வைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. உலகில் இந்த வகையில் முதல் சட்டம் அதுதான். ஆய்வாளருக்கு உரிமம் வேண்டும், மயக்கமருந்து கொடுக்க வேண்டும், மயக்கம் தெளியும் முன் அந்த உயிரைக் கொன்றுவிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கூடவே, சிறப்புச் சான்றிதழ் வாங்கினால் இந்த விதிகளிலிருந்து விலகலாம் என்றும் இருந்தது. காப் அதைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொண்டார். முழுத் தடை ஒன்றுதான் இலக்கு என்றார். படிப்படியாகக் கேட்கலாம் என்று சங்கத்தில் ஸ்டீபன் கோல்ரிஜ் சொன்னபோது, தான் வளர்த்த சங்கத்தைவிட்டு 1898-இல் வெளியேறி பிரிஸ்டலில் இன்னொரு சங்கம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல்.

இதற்கிடையில் 1895-இல் ஓர் உயில் வழக்கு வந்தது. இத்தகைய சங்கங்களுக்கு எழுதிவைத்த பணம் தர்மப் பணமா, இல்லையா என்பது கேள்வி. நீதிபதி சிட்டி, தர்மம்தான் என்றார். அந்தச் சங்கங்களின் கொள்கை சரியா தவறா என்பதற்குள் நான் நுழைய மாட்டேன். சமூகத்துக்கு நன்மை என்று மனதார நம்பிச் செய்கிறார்கள், அது போதும் என்பது அவர் நிலை. சந்தாவும் உயில் பணமும்தான் இந்தச் சங்கங்களின் பிழைப்பு. ஆகவே சிறிய வழக்கானாலும் அதுவே அவற்றின் அஸ்திவாரம்.

இனி அந்த நாய்.

1903 பிப்ரவரி 2. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். உடலியல் ஆசிரியர் வில்லியம் பேலிஸ், மாணவர்களுக்கு முன்னால் பலகையில் மல்லாக்கக் கட்டிய ஒரு பழுப்பு நிற டெரியர் நாயை வைத்துக்கொண்டு, உமிழ்நீர்ச் சுரப்பியின் அழுத்தத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட முயன்றார். கழுத்தைத் திறந்து நரம்பில் மின்சாரம் செலுத்தினார். அரை மணி நேரம் போராடியும் அன்றைக்கு அந்த விளக்கம் சரிப்பட்டு வரவில்லை. அதே நாய்தான் இரண்டு மாதம் முன்பு, 1902 டிசம்பரில், கணைய ஆய்வுக்காக ஒருமுறை அறுக்கப்பட்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் அதைக் கொன்றவர் ஹென்றி டேல் என்ற இளைஞர். 1936-இல் நோபல் பரிசு பெற்றவர்.

அந்த வகுப்பில் ஸ்வீடனிலிருந்து வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லீசி லிண்ட் அஃப் ஹாகேபி, லைசா ஷார்ட்டாவ். ஆய்வுக்கூடத்தில் நடப்பதை உள்ளிருந்தே பார்ப்பதற்கென்று பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். நாயின் உடம்பில் முந்தைய அறுவையின் தழும்பு தெரிந்தது, அது திமிறியது, மயக்கமருந்து கொடுத்ததற்கான அறிகுறி இல்லை என்று அவர்கள் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள். கோல்ரிஜிடம் அதைக் காட்டினார்கள். கோல்ரிஜ் வழக்கறிஞர், அப்போது சங்கத்தின் கௌரவச் செயலாளர். மே 1-ஆம் தேதி செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் கூடிய பெரிய கூட்டத்தில் பேலிஸ் சட்டத்தை மீறினார் என்று பகிரங்கமாகச் சொன்னார். பேலிஸ் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

நவம்பரில் விசாரணை. நாய்க்கு மார்ஃபின் போட்டு, மூச்சுக்குழாயில் குழாய் வைத்து மயக்கமருந்து செலுத்தியதாகவும், அசைந்தது வெறும் தசைத் துடிப்பு என்றும் ஆய்வாளர்கள் சாட்சியம் சொன்னார்கள். ஜூரி அதை நம்பியது. கூடிப் பேச அவர்களுக்கு 25 நிமிடம் போதுமானதாக இருந்தது. நஷ்டஈடு 2,000 பவுண்டு, வழக்குச் செலவு 3,000 பவுண்டு, ஆக 5,000 பவுண்டு கோல்ரிஜ் தலையில் விழுந்தது. இன்றைய மதிப்பில் பல லட்சம் பவுண்டு வரும்.

கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இந்த 5,000 எங்கே போனது என்று தேடினேன். டெய்லி நியூஸ் பத்திரிகை வாசகர்களிடம் கையேந்தியது. நான்கு மாதத்தில் வழக்குத் தொகையை மிஞ்சி ஏறக்குறைய 5,700 பவுண்டு சேர்ந்துவிட்டது. விலங்கை அறுக்கக் கூடாது என்று மனம் நொந்தவர்கள் கொடுத்த பணம் அது. கோல்ரிஜ் கட்டிய நஷ்டஈட்டை பேலிஸ் தன் கல்லூரியின் உடலியல் ஆராய்ச்சிக்கே கொடுத்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் சக ஆய்வாளர் ஸ்டார்லிங்கும் 1902-இல் நாய்களை வைத்துக் கண்டுபிடித்த செக்ரெட்டின்தான் ஹார்மோன் அறிவியலின் தொடக்கம்; அந்தப் பணத்தில் அவர் தனக்கென்று ஒரு காசு எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த நாயை நினைத்துக் காசு அனுப்பியவர்களை எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

1906-இல் பாட்டர்சியில், உழைப்பாளிகள் குடியிருக்கும் பகுதியில், அந்த நாய்க்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அடியில் மனிதர் குடிக்க ஒரு நீரூற்று, நாய்கள் குடிக்க ஒரு தொட்டி. மருத்துவ மாணவர்கள் அதை உடைக்கக் கிளம்பினார்கள். 1907 கடைசியில் லண்டன் தெருக்களில் கலவரமே நடந்தது. இரவும் பகலும் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. காவல் செலவைப் பார்த்தே நகரசபைக்கு அலுத்துவிட்டது. 1910 மார்ச்சில் ஒருநாள் விடியுமுன்னே 120 போலீஸாரை நிறுத்தி வைத்துக்கொண்டு சிலையைப் பெயர்த்துப் போய்விட்டார்கள். 1985-இல்தான் பாட்டர்சி பூங்காவில் வேறொரு சிலை வந்தது.

அதே பாட்டர்சியில் ஒரு மருத்துவமனையும் இருந்தது. விலங்கு ஆய்வு செய்பவர்களுக்கு அங்கே வேலை கிடையாது. ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஓல்ட் ஆன்டி' என்பார்கள். மன்னர் எட்வர்ட் மருத்துவமனை நிதி போன்ற பெரிய நிதிகள் இந்தக் கொள்கையைக் காரணம் காட்டிக் கைவிரித்தன. பிற்பாடு கொள்கையைக் கைவிட்ட பின்தான் மற்ற மருத்துவமனைகளைப் போல அதற்கும் பணம் வந்தது. 1972-இல் அது மூடப்பட்டது. கொள்கைக்கு விலை உண்டு என்பதை அந்த நோயாளிகளின் படுக்கைகளும் சுமந்திருக்கின்றன.

இப்போது வரி அதிகாரியிடம் வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலம். 1942–43-இல் வருமான வரி பவுண்டுக்குப் பத்து ஷில்லிங், அதாவது சரிபாதி. தேசிய சங்கம், தன் முதலீட்டு வருமானத்துக்கு அறச் சங்கம் என்ற முறையில் விலக்குக் கேட்டது. வரித்துறை மறுத்தது. முதலில் விசாரித்த சிறப்பு ஆணையர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, மருத்துவ அறிவின் பெரும் பகுதி விலங்கு ஆய்விலிருந்து வந்தது. அது நின்றால் ஏற்படும் நஷ்டம், சங்கத்தால் மக்களின் ஒழுக்கத்துக்குக் கிடைக்கும் நன்மையைவிட மிகப் பெரியது. இரண்டு, ஆனாலும் 1895 தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்துவதால் விலக்கு உண்டு. வரித்துறை மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றத்தில் விலக்கை மறுத்தவர் நீதிபதி மால்கம் மக்நாட்டன், பெம்செல் வழக்கின் லார்ட் மக்நாட்டனுடைய மகன். பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம். கடைசியில், 1947 ஜூலையில், பிரபுக்கள் சபை. ஐந்து பேரில் நால்வர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

நால்வரும் இரண்டு காரணம் காட்டினார்கள். முதலாவது, தராசு. ஒரு தட்டில் விலங்கின் வலியையும் அதைத் தடுப்பதால் மனித மனத்தில் வளரும் இரக்கத்தையும் வைத்தார்கள். மறு தட்டில் டிஃப்தீரியா எதிர்மருந்தையும் இன்சுலினையும் போல உயிர் காத்தவற்றை. போர் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பதில் சந்தேகமே இல்லை. நம்பிச் செய்தால் போதும் என்ற சிட்டியின் வழி அன்றோடு மூடப்பட்டது. இரண்டாவது, சங்கத்தின் முக்கிய வேலையே 1876 சட்டத்தை நீக்கி முழுத் தடை கொண்டுவரச் சொல்வது, அது அரசியல். ஒரு சட்டத்தை மாற்றுவது நாட்டுக்கு நல்லதா என்று தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு வழியில்லை, ஆகவே அது தர்மமாகாது.

தனியாக நின்றவர் லார்ட் போர்ட்டர். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள், புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றுவதை நிறுத்தப் பாடுபட்டவர்கள், இவர்களெல்லாம் சட்டம் கேட்காதவரை தர்மவான்கள், சட்டம் கேட்ட அன்றிலிருந்து அரசியல்வாதிகள் என்று சொல்வதை ஏற்க முடியாது என்றார். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தராசைப் பற்றி நால்வர் சொன்னதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். இன்சுலின் போட்டுக்கொண்டு உயிர் வாழ்பவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது காரணம் தவறு. அடிபட்ட நாய்க்குக் கட்டுப் போட்டால் தர்மம், அடிக்காதே என்று சட்டம் கேட்டால் தர்மமில்லை என்றால், துன்பத்தின் காரணத்தைத் தொடாமல் இருப்பவர்களுக்குத்தான் வரிச்சலுகை என்று ஆகிறது.

தராசைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்ப்பாளர்கள் தங்கள் தட்டைத் தாங்களே இலேசாக்கிக்கொண்டதும் உண்டு. காப் தொடங்கிய இரண்டாவது சங்கத்தை அவருக்குப் பின் நடத்திய டாக்டர் வால்டர் ஹாட்வென், தடுப்பூசியையும் எதிர்த்தார், கிருமிகளால் நோய் வருகிறது என்பதையும் மறுத்தார். குளோஸ்டர் நகரில் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமி டிஃப்தீரியாவில் இறந்தாள்; எதிர்மருந்தை அவர் கொடுக்கவில்லை. 1924-இல் அவர் மீது வழக்கு நடந்தது, ஜூரி விடுவித்தது. விலங்கின் மீது அவருக்கிருந்த இரக்கம் உண்மையானது. மருத்துவத்தில் அவர் செய்தது பெருந்தவறு. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லியாக வேண்டும்.

1947-க்குப் பின் இந்த இயக்கம் பணத்தை இரண்டு பையில் போடக் கற்றுக்கொண்டது. சட்டம் கேட்கும் சங்கம் ஒன்று, வரிவிலக்கு இல்லாமல். மாற்றுவழி தேடும் அறக்கட்டளை ஒன்று, வரிவிலக்கோடு. ஹாட்வென் பெயரிலேயே 1970-இல் ஓர் அறக்கட்டளை வந்தது. விலங்கு வேண்டாத ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிகளுக்கு அது பணம் கொடுத்தது: மனிதத் திசு வளர்ப்பு, கணினி மாதிரிகள், மனமுவந்து வரும் மனிதர்களின் ஸ்கேன். கிருமியை நம்பாத மருத்துவரின் பெயரில் நல்ல அறிவியலுக்குப் பணம் போனது. அதற்கு ஓர் ஆண்டு முன்பே டோரதி ஹெகார்ட்டி என்ற பெண்மணி இதே நோக்கத்தோடு ஃபிரேம் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். 1876 சட்டத்துக்குப் பதிலாக 1986-இல் புதிய சட்டம் வந்தபோது அரசு காதுகொடுத்தவர்களில் ஃபிரேமும் உண்டு.

ஆனால் மாற்றுவழி தேடுவது மட்டும் ஆய்வுக்கூடக் கூண்டுகளைத் திறந்துவிடாது. அழகுசாதனப் பொருட்களுக்காக விலங்குகளை வதைப்பதை பிரிட்டன் 1998-இல் நிறுத்தியது. அப்படிச் சோதித்த பொருட்களை விற்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் 11-இலிருந்து முழுத் தடை போட்டது. காப் தொடங்கிய இரண்டாவது சங்கம் மற்ற நாட்டுச் சங்கங்களோடு சேர்ந்து இதற்காகப் பல ஆண்டு உழைத்தது. அரசியல் என்று தள்ளிவைக்கப்பட்ட வேலைதான் இது.

இப்போது அந்தச் சங்கத்தின் பெயர் குரூயல்டி ஃப்ரீ இன்டர்நேஷனல். அதே பெயரில் பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றும் தனியாக இருக்கிறது. வருமான வரி கட்டும் ஒருவர் அறக்கட்டளைக்கு ஒரு பவுண்டு கொடுத்தால், 'கிஃப்ட் எய்ட்' முறையில் அரசு மேலும் 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது; பிரசாரச் சங்கத்துக்கு அதே பவுண்டு வெறும் பவுண்டுதான். உயிலில் எழுதினால் வித்தியாசம் இன்னும் பெரிது. அறக்கட்டளைக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரி இல்லை. மற்றபடி, விலக்கு வரம்பைத் தாண்டிய சொத்துக்கு 40 சதவீதம். பிரிட்டனில் 2023-இல் நடந்த விலங்கு ஆய்வுகள் 27 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவற்றை நிறுத்தக் கேட்கும் பணம் வரியோடும், அவற்றுக்கு மாற்றுத் தேடும் பணம் வரியில்லாமலும் ஓடுகின்றன.

2006-இன் புதிய அறச் சட்டம் விலங்கு நலத்தைத் தர்ம காரியம் என்று பெயர் சொல்லியே சேர்த்தது. இனி பழைய தடை தளரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2008-இல் ஒரு வழக்கு வந்தது. சர்க்கஸ் போன்ற காட்சிகளில் விலங்குகளைப் பழக்கி ஆடவிடுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று 1914-இல் தொடங்கிய ஒரு சங்கத்தைப் பற்றியது அது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக இறந்து, ஒரே ஒரு மூதாட்டிதான் மிச்சம். சங்கத்திடம் வீடும் பங்குகளுமாகக் கணிசமான சொத்து இருந்தது. அதை விலங்கு நல அறக்கட்டளையான பார்ன் ஃப்ரீயிடம் ஒப்படைக்க அவர் விரும்பினார். நீதிபதி லூயிசன் 1947 தீர்ப்பையே பிடித்துக்கொண்டார்: சட்டத்தை மாற்றுவதே நோக்கம் என்பதால், புதிய சட்டத்துக்குப் பிறகும் இது அறச் சங்கம் ஆகாது. அறச் சங்கம் இல்லை என்பதால் சொத்து கடைசி உறுப்பினருக்கே சொந்தம். சங்கத்தின் பணமாக அல்ல, தன் பணமாக அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம்.

(தொடரும்)