கொப்பரையும் வான்பயணமும்

குமரி மாவட்டத்துக்கெனத் தனி வானூர்தி நிலையம் இல்லை. நாகர்கோவிலாரும் மார்த்தாண்டத்தாரும் திருவனந்தபுரத்திலேயே வானேறுகின்றனர். அவர்கள் பெட்டியில் நேந்திரங்காய் வற்றல் தடையின்றிச் செல்லும், கொப்பரை செல்லாது. வெட்டுக்கத்திக்குத் தடை என்றால் காரணம் கேட்பாரில்லை. முற்றத்து வெயிலில் காய்ந்து கிடக்கும் கொப்பரை என்ன குற்றம் செய்தது?

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அந்நீர் ஆவியாகித் தீரும்வரை பருப்பு எளிதில் எரியாது. நன்கு உலர்ந்த கொப்பரையிலோ நீர் 6 விழுக்காட்டளவே. எண்ணெய் 60 விழுக்காட்டைத் தாண்டும். அரைகுறையாக உலர்ந்ததில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை மூச்சுவிடுகையில் வெப்பம் பிறக்கும். சூடு மிகுந்து பூஞ்சை மடிந்தபின்னும், எண்ணெய் காற்றின் உயிர்வளியோடு வினைபுரிந்து வெப்பத்தை வளர்க்கும். பிறக்கும் வெப்பம் குவியலின் பருமனைப் பொறுத்தது. வெளியேறும் வெப்பமோ புறப்பரப்பைப் பொறுத்தது. குவியல் பெருகப் பெருகப் பருமன் பரப்பை முந்திவிடும். ஆகவே கப்பலின் அடியறையில் குவிந்த கொப்பரை தானே புகையக்கூடும். பையிலிட்ட நாலு மூடி அவ்வாறு புகைவது அரிது. ஆயினும் ஆபத்தான சரக்குகளின் உலகப் பட்டியல் அதனைத் தானே தீப்பற்றும் பொருள்களின் வகுப்பில், 1363 என்னும் எண்ணின்கீழ் வைத்திருக்கிறது. இந்தியக் குடிசார் வான்போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகமும் 2022 மார்ச்சில் சரக்கறைப் பைகளில் அதற்குத் தடை விதித்தது. சோதனைச் சாவடியில் மூடி மூடியாக ஈரம் அளந்துகொண்டிருக்க இயலாது. அதனால் இத்தடையை நான் குறைகூறேன்.

சபரிமலைக்குச் செல்வோர் இருமுடியில் சுமக்கும் நெய்த்தேங்காயின் சிக்கல் வேறு. கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, நெய் நிரப்பி அடைத்த காய் அது. ஊடுகதிர்க் கருவி இருவேறு ஆற்றலுள்ள கதிர்களைப் பாய்ச்சி, அவை தடைபடும் அளவைக் கொண்டு கரிமப் பொருள்களை ஆரஞ்சு நிறத்திலும் மாழைகளை நீலத்திலும் காட்டும். ஓடும் பருப்பும் நெய்யும் ஆரஞ்சு. வெடிமருந்துகள் பலவும் ஆரஞ்சே. மூடிய காய்க்குள் இருப்பது நெய்தானா என்று படம் மட்டும் உறுதி சொல்லாது. எனவேதான் 2024 அக்டோபரில் அப்பணியகம், மறு ஆண்டு சனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கைப்பையில் ஏற்ற இசைந்தபோது, வெடிமருந்துத் துகள் சோதனையும் கைச்சோதனையும் உடன் சேர்க்கப்பட்டன. (குமரிச் சாமிமார் சாலைவழியே பம்பை சேர்ந்துவிடுவர், மும்பையிலும் தில்லியிலும் வாழ்வோருக்கே அச்சலுகை பயன்பட்டது.)

கொப்பரையைப் போலப் பவர் பேங்கும் சரக்கறைக்கு ஆகாது, கைப்பையில்தான் செல்லவேண்டும். அதிலுள்ள லித்தியம் மின்கலம் புகைந்தால், பணியாளர் நீரூற்றிக் குளிர்விக்க எட்டும் இடத்தில் அது இருந்தாக வேண்டும்.