மார்பக எக்ஸ்ரே படமும் திசுவின் அடர்த்தியும்

தறியிலிருந்து அறுத்த துணியைச் சோதிப்பவர் அதனை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்ப்பதை நெசவாளர் அனைவரும் அறிவர். இழைகள் இடைவெளி விட்டு அமைந்த மெல்லிய துணியாயின், நூலில் விழுந்த சிறு முடிச்சும் உடனே கண்ணிற்படும். இழைகள் நெருங்கிய கெட்டித் துணியிலோ அதே முடிச்சு மறைந்து நிற்கும். சோதிப்பவர் கண்ணிலும் குறையில்லை, விளக்கிலும் குறையில்லை. துணியின் நெருக்கமே அதனை மறைக்கிறது. பெண்களின் மார்பகத்தை எக்ஸ்ரே கொண்டு படம் பிடித்துப் புற்றுநோயைத் தேடும் முறையிலும் இத்தகைய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நம் இல்லத்துப் பெண்மணிகள் அனைவரும், அவர்தம் நலம் நாடும் ஆடவரும், அதனை அறிந்திருத்தல் அவசியமாகும்.

மாமோகிராம் என வழங்கும் இப்படத்தை எடுக்கையில், மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சற்று அழுத்தி வைத்து, குறைந்த அளவு எக்ஸ்ரே கதிரைச் செலுத்துவர். கைக்குத் தட்டுப்படும் முன்னரே கட்டியைக் கண்டுபிடிப்பது இதன் நோக்கம். 1913ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்து அகற்றப்பட்ட மார்பகங்களை எக்ஸ்ரே படம் பிடித்து ஆராய்ந்தது இத்துறையின் தொடக்கமாகும். 1963ஆம் ஆண்டு நியூயார்க்கில் சுமார் 60,000 பெண்களைக் கொண்டு தொடங்கிய பெரும் ஆய்வில், எக்ஸ்ரே படத்தாலும் மருத்துவரின் கைப்பரிசோதனையாலும் சோதிக்கப்பட்ட பிரிவினரிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் குறைந்தன. ஆகவே இம்முறையின் பயனை நாம் ஐயுறவேண்டுவதில்லை. அதன் எல்லை எது என்பதையே ஈண்டு ஆராய்கிறோம்.

மார்பகம் மூவகைத் திசுக்களால் ஆனது. பாலைச் சுரந்து கொண்டு செல்லும் சுரப்பித் திசு ஒன்று. அதனைத் தாங்கி நிற்கும் நார்த் திசு மற்றொன்று. இவற்றின் இடையிடையே நிறைந்துள்ள கொழுப்பு மூன்றாவது. எக்ஸ்ரே கதிர் கொழுப்பை எளிதில் ஊடுருவிச் செல்லுமாதலின், படத்தில் அது கருமையாகத் தோன்றும். சுரப்பியும் நாரும் கதிரைப் பெரிதும் தடுப்பதால் வெண்மையாகத் தோன்றும். புற்றுநோய்க் கட்டியும் வெண்மையாகவே தோன்றும். இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. கருநிறத்தின் நடுவே வெள்ளைப் புள்ளியைக் காண்பது எளிது. வெள்ளையின் நடுவே வெள்ளையைக் காண்பது அரிது. சில நோய்களின் அடையாளமாகிய நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் மிகப் பளிச்சென்று வெளுத்திருப்பதால், நெருங்கிய திசுவிலும் அவை பெரும்பாலும் புலப்படும். துகள் இல்லாத கட்டியே எளிதில் மறைந்து நிற்பது.

இவ்வடர்த்தியை அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் முறைப்படி மருத்துவர் நான்கு வகையாகப் பிரிக்கின்றனர். ஏறத்தாழ முழுவதும் கொழுப்பாலானது முதல் வகை. ஆங்காங்கே சிறிது அடர்த்தி சிதறிக் கிடப்பது இரண்டாம் வகை. பெரும்பகுதி அடர்ந்திருப்பது மூன்றாம் வகை. மிகமிக அடர்ந்தது நான்காம் வகை. அமெரிக்கப் பெண்களுள் முதல் வகையினர் 100க்குச் சுமார் 10 பேர். இரண்டாம் வகையினர் 40. மூன்றாம் வகையினர் 40. நான்காம் வகையினர் 10. மூன்றாம், நான்காம் வகைகளையே அடர்ந்த மார்பகம் என்பர். எனவே பாதிப் பேருக்கு இவ்வடர்த்தி உண்டு. இது நோயன்று, இயற்கையான அமைப்பேயாகும். இளம் வயதினரிடத்தும், மெலிந்த உடலினரிடத்தும், பாலூட்டும் தாய்மாரிடத்தும் இது மிகுந்து காணப்படும்; மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் குறையும். மாதவிடாய் நின்றபின் உட்கொள்ளும் சில ஹார்மோன் மருந்துகள் அடர்த்தியைக் கூட்டுதலும் உண்டு. கையால் தொட்டுப் பார்த்து இதனை அறிய இயலாது. தொடுவதற்குக் கெட்டியான மார்பகம் படத்தில் கொழுப்பாக இருக்கலாம். மென்மையானது அடர்ந்தும் இருக்கலாம். படம் ஒன்றே இதனைக் காட்டும்.

இதனால் விளையும் வேறுபாடு எவ்வளவு? பழைய பிலிம் முறை வழக்கிலிருந்த காலத்துப் படங்களை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கு ஒன்றைக் காண்போம். கொழுப்பு நிறைந்த மார்பகத்தில் 100 புற்றுநோய்களுள் சுமார் 87ஐப் படம் காட்டியது. மிக அடர்ந்த மார்பகத்தில் 63ஐ மட்டுமே காட்டியது. அதாவது மிக அடர்ந்த வகையினருள் நோயுற்ற மூவரில் ஒருவருக்கு மேல் ‘குறை ஒன்றும் இல்லை’ என்ற முடிவோடு வீடு திரும்பியிருப்பர்.

இன்னொரு செய்தியும் உண்டு. அடர்த்தி நோயை மறைப்பதோடு நில்லாது, நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. 2007ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, மார்பகத்தில் 75 சதவிகிதமும் அதற்கு மேலும் அடர்ந்திருந்த பெண்களுக்கு, 10 சதவிகிதத்திற்குக் குறைவாக அடர்ந்திருந்தவரைவிட நோய் வரும் வாய்ப்பு சுமார் 4.7 மடங்காக இருந்தது. இவ்வொப்பீடு இரு கோடிகளில் உள்ளோரைப் பற்றியது. நடுத்தர அடர்த்தியுள்ளோருடன் ஒப்பிட்டால் வேறுபாடு இதனினும் மிகக் குறைவு. ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை, அறிந்திருத்தல் வேண்டும்.

பல்லாண்டுகளாக இவ்வடர்த்தியை மருத்துவர் தம் குறிப்பில் எழுதி வந்தனரேயன்றி, படம் எடுத்துக்கொண்ட பெண்ணுக்குச் சொல்வது வழக்கமாக இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், இதனை அவளுக்கு அறிவித்தே ஆகவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. 2024 செப்டம்பர் முதல் அந்நாடு முழுமைக்கும் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. தன் உடலைப் பற்றிய செய்தி தனக்கே உரியது என்னும் எளிய நியாயம் இவ்வாறு சட்டமாயிற்று.

அறிந்தபின் செய்யக்கூடியது யாது? பிலிமுக்குப் பதிலாக டிஜிட்டல் முறை வந்தது முதற்படி. 2005ஆம் ஆண்டில் வெளியான, ஏறத்தாழ 49,500 பெண்களைக் கொண்ட ஆய்வு, 50 வயதுக்குட்பட்டோர்க்கும் அடர்ந்த மார்பகம் உடையோர்க்கும் டிஜிட்டல் படம் மேம்பட்டது எனக் காட்டிற்று. பல கோணங்களில் படம் பிடித்து அடுக்கடுக்காகக் காட்டும் முறை அடுத்து வந்தது. மாமோகிராமுடன் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சேர்ப்பதைப் பற்றி ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையுள்ள சுமார் 73,000 பெண்களிடையே ஆய்வு நடந்தது. படம் மட்டும் எடுத்த பிரிவில் 100 புற்றுநோய்களுள் 77 அகப்பட்டன; ஸ்கேனும் சேர்த்த பிரிவில் 91 அகப்பட்டன. நெதர்லாந்தில் மிக அடர்ந்த மார்பகம் உடையோரை எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அழைத்தபோது, இரு பரிசோதனைகளின் இடைக்காலத்தில் வெளிப்பட்ட புற்றுநோய் ஆயிரத்திற்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. அம்முடிவு 2019இல் வெளியாயிற்று.

எனினும் ஆதாயத்தை மட்டும் எழுதிச் செலவை எழுதாவிடின் கணக்கு முழுமையாகாது. ஜப்பானிய ஆய்வில், நோயற்ற 100 பேரில் ஐயத்திற்கு ஆளாகி மேலும் சோதிக்கப்பட்டோர் 9 என்பதிலிருந்து 12 ஆக உயர்ந்தனர். நெதர்லாந்தில் முதற்சுற்று எம்.ஆர்.ஐ. பரிசோதனை ஆயிரத்தில் சுமார் 80 பேரை வீணே ஐயுற வைத்தது. ஊசியிட்டுத் திசு எடுத்தலும், முடிவு வரும்வரை உறக்கமின்றிக் காத்திருத்தலும், பணச் செலவும் இதனால் நேர்வன. ஆகவே அடர்த்தி உள்ளோர் அனைவரும் எல்லாப் பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று. வயது, குடும்பத்தில் தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ நோய் இருந்த வரலாறு ஆகியவற்றையும் சேர்த்து மருத்துவருடன் கலந்து முடிவு செய்தலே முறை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவரால் கைப்பரிசோதனை செய்யுமாறு கூறுகிறது. இதற்கும் பயன் உண்டு. மும்பையில் 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடையே நடந்த ஆய்வில், ஈராண்டுக்கு ஒருமுறை கையால் சோதிக்கப்பட்டோருள் 50 வயதிற்கு மேற்பட்டவரிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்தது. 50க்குட்பட்டவரிடையே அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவுகள் சில. மாமோகிராம் எடுத்துக்கொண்ட சகோதரிகள், ‘என் மார்பகம் எந்த அடர்த்தி வகை?’ என்று தயங்காமல் கேட்டறிதல் வேண்டும். பழைய படங்களைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை உடன் கொண்டு செல்லல் வேண்டும். முன்னையதோடு ஒப்பிடும்போது புதிய மாற்றம் எளிதில் புலப்படும். எல்லாவற்றினும் தலையானது இது: கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினால், சென்ற மாதம் எடுத்த படம் குறையற்றது என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. படத்தில் தெரியவில்லை என்பது வேறு, நோய் இல்லை என்பது வேறு. நாணம் காரணமாகவோ, நெசவும் நாற்று நடவும் முடியட்டும் என்றோ நாளைக் கடத்தாது, உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். உடன் செல்ல வேண்டியது இல்லத்து ஆடவரின் கடமையாகும்.