உடற்பருமனும் தனிமனிதப் பொறுப்பும்: ஒரு கருத்துநிலையின் சமூக அடிப்படைகள்

மனித உடலின் பருமன் பற்றிய மதிப்பீடுகள் எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரே தன்மையனவாக இருந்ததில்லை. உணவு அரிதாயிருந்த சமுதாயங்களிலே பருத்த உடல் செல்வத்தின் சின்னமாகவும் செல்வாக்கின் சின்னமாகவும் விளங்கிற்று. நம்மவரிடையே நெடுநாட்களின் பின் சந்திக்கும் ஒருவரைப் பார்த்து 'மெலிந்துவிட்டீர்' என்பது கவலையின் வெளிப்பாடாகவே இருந்து வந்துள்ளமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. இதன் மறுபக்கமாக, சுரண்டும் வர்க்கத்தைச் சித்திரிக்க முற்பட்ட முற்போக்குக் கேலிச்சித்திரக்காரர் பானை வயிறும் வாயிற் சுருட்டும் உடைய முதலாளியையும், விலா எலும்பு தெரியும் தொழிலாளியையும் ஒரு நிலையான குறியீடாக ஆக்கிக்கொண்டனர். பருத்தவன் உண்பவன், மெலிந்தவன் உழைப்பவன் என்னும் இச்சமன்பாடு ஒரு வரலாற்றுக் கட்டத்தில் உண்மைக்கு அண்மித்ததாக இருந்ததெனலாம். இன்று அது பெரும்பாலும் தலைகீழாகிவிட்டது.

இத்தலைகீழ் மாற்றம் புதியதுமன்று. நியூ யோர்க்கின் மன்ஹற்றன் பகுதியில் நடத்தப்பெற்று 1962 இல் வெளியான ஆய்வொன்று, கீழ்நிலைச் சமூகப் பிரிவைச் சேர்ந்த பெண்களுள் நூற்றுக்கு 30 பேர் பருமனானவர்களாக இருக்க, மேல்நிலைப் பெண்களுள் நூற்றுக்கு 5 பேரே அவ்வாறிருந்தனர் எனக் காட்டிற்று. 1989 இல் ஜெப்றி சோபல், அல்பேட் ஸ்ரன்காட் ஆகிய இருவரும் 144 ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கியபோது, வளர்ச்சியடைந்த நாடுகளிலே பெண்களைப் பொறுத்தவரை வறுமையும் பருமனும் சேர்ந்து செல்வதையும், வறிய நாடுகளிலே செல்வமும் பருமனும் சேர்ந்து செல்வதையும் தெளிவாக நிறுவினர். அதன்பின் வந்த மூன்று தசாப்தங்களில் நடுத்தர வருமான நாடுகள் பலவும் முன்னைய வகையை நோக்கி நகர்ந்துள்ளன.

பருமன் செல்வரிடமிருந்து வறியவரை நோக்கி இடம்பெயர்ந்த அதே காலத்திலேயே, அது பற்றிய ஒழுக்கக் கண்டனமும் கடுமையடைந்தது. பருத்தவர் சோம்பேறி, தன்னடக்கமற்றவர், தம் நோயைத் தாமே தேடிக்கொண்டவர் என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் மருத்துவரிடையேயும் ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எவ்வாறு உருவாயிற்று, எவருடைய நலனுக்கு உதவுகின்றது என்பவற்றை, அது மிகத் தெளிவான அரசியல் வடிவம் பெற்ற ஐக்கிய அமெரிக்காவை முதன்மைப்படுத்தி நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

மிகை உணவு பற்றிய கண்டனம் பழைமையானதுதான். ஆறாம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் கிரகரியார் வகுத்த தலையாய பாவங்களுள் பெருந்தீனியும் ஒன்று. திருக்குறளின் 95 ஆம் அதிகாரமும் அளவறிந்து உண்ணுதலை வற்புறுத்துகின்றது. ஆயின் அது 'மருந்து' என்னும் தலைப்பின்கீழ், உடல் நலம் பற்றிய அறிவுரையாக அமைவது கருதத்தக்கது. இப்பழைய நோக்குகள் உண்ணும் செயலையே மதிப்பிட்டன. இன்றைய நோக்கு உடலைப் பார்த்து, அதிலிருந்து செயலை ஊகித்து, செயலிலிருந்து குணத்தைத் தீர்மானிக்கின்றது. ஒருவர் என்ன உண்டார் என்பதை எவரும் கேட்பதில்லை.

உடலைப் பார்த்து மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோலும் வாய்த்தது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணிப்பைப் பெல்ஜியப் புள்ளிவிபரவியலாளர் அடொல்ப் கெற்றெலே 1830களில் முன்வைத்தபோது, மக்கட்டொகுதி ஒன்றின் சராசரியை அறிவதே அவர் நோக்கம். 1972 இல் அன்செல் கீஸ் அதற்கு 'உடற்றிணிவுச் சுட்டி' என்ற பெயரை வழங்கினார். 1998 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் மிகை நிறையின் எல்லையை 25 ஆகக் குறைத்தபோது இரண்டு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர் ஒரு கிராம் தானும் கூடாமலேயே மிகை நிறையினராயினர். மக்கட்டொகுதிக்கென ஆக்கப்பட்ட சுட்டி தனிமனிதனின் நடத்தைச் சான்றிதழாக மாறிய கதை இது.

இனி அமெரிக்க நிலைமைக்கு வருவோம். அந்நாட்டில் சுட்டி 30 அல்லது அதற்கு மேற்பட்ட வளர்ந்தோரின் விகிதம் 1976 - 80 காலப்பகுதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 ஆக இருந்தது. 1999 - 2000 இல் அது 30.5 ஆகவும், 2017 - 2020 இல் 41.9 ஆகவும் உயர்ந்தது. தனிமனித ஒழுக்கக் குறைவே காரணம் எனக் கொள்பவர்கள், இருபது ஆண்டுக் காலத்தில் ஒரு தேசம் முழுவதினதும் மனவுறுதி திடீரெனச் சரிந்தது எவ்வாறு என்பதற்கு விடை கூறுதல் வேண்டும். மனித இயல்பு இருபது ஆண்டில் மாறுவதில்லை. உணவின் உற்பத்தி முறையோ அக்காலத்தில் முற்றாக மாறிற்று.

1970களில் அமெரிக்க விவசாயக் கொள்கை சோள உற்பத்தியை எல்லையின்றிப் பெருக்கத் தூண்டியது. தேங்கிய சோளத்துக்குச் சந்தை தேவைப்பட்டது. சோளப்பாகு கரும்புச் சீனியிலும் மலிவாகக் கிடைத்ததால் 1984 அளவில் இரு பெரும் மென்பான நிறுவனங்களும் அதற்கு மாறின. சோளப்பாகு சீனியிலும் பார்க்கக் கொடிய நஞ்சு என்று சிலர் எழுதுவது மிகைக் கூற்றாகும். அதன் இரசாயனத்தை விட அதன் விலையே முக்கியமானது. மூலப்பொருள் மலிந்ததும் கோப்பையின் அளவைப் பெருப்பிப்பது இலாபத்துக்கு இலகுவான வழியாயிற்று. கொக்கா கோலாவின் தொடக்க காலப் போத்தல் 6.5 அவுன்சு கொண்டது. 1980களில் 32 அவுன்சுக் கோப்பை சாதாரணமாயிற்று. குடிப்பவர் மாறவில்லை, கோப்பை மாறிற்று.

ஆலை உணவின் தன்மை பற்றி 2019 இல் வெளியான பரிசோதனை ஒன்று தனிக் கவனத்துக்குரியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகத்தைச் சேர்ந்த கெவின் ஹோல் 20 பேரை நான்கு வாரம் ஆய்வு விடுதியில் தங்கவைத்தார். இரு வாரம் பெரிதும் பதனிடப்பட்ட ஆலை உணவும், இரு வாரம் பதனிடாத உணவும் வழங்கப்பட்டன. முன்வைக்கப்பட்ட கலோரி, சீனி, கொழுப்பு, நார் யாவும் சமமாக்கப்பட்டிருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம். அதே மனிதர், அதே மனவுறுதியுடன், ஆலை உணவை உண்டபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உட்கொண்டனர்; இரு வாரத்தில் 0.9 கிலோ கூடினர். மற்றைய உணவில் அதேயளவு குறைந்தனர். இருபது பேரைக் கொண்ட குறுகிய காலப் பரிசோதனை என்பதால் இதனை மிகைப்படுத்தலாகாது. எனினும் பழி எங்கே சுமத்தப்பட வேண்டும் என்ற வினாவுக்கு இதனிலும் தெளிந்த சான்று அரிது.

உடல் தன்னளவிலும் நடுநிலையானதன்று. பசியை அடக்கும் செய்தியை மூளைக்கு அனுப்பும் லெப்ரின் என்னும் ஓமோன் 1994 இல் கண்டறியப்பட்டது. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு நிறை குறைத்த 14 பேரை ஆறாண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, அவர்களின் உடல் ஓய்வுநிலையில் எரிக்கும் சக்தி எதிர்பார்க்கத்தக்கதிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்திருந்தமை 2016 இல் வெளியாயிற்று. இழந்த நிறையின் பெரும்பகுதி மீண்டிருந்தது. மெலிய முயன்று தோற்றவரை 'முயலாதவர்' என்று ஏசும் சமுதாயம், அவர் தம் உடலோடு நடத்திய போரைக் காண்பதில்லை.

இவ்வாறிருக்கத் தனிமனிதப் பொறுப்பு என்ற சுலோகம் எங்கிருந்து வந்தது? 1996 இல் ஜனாதிபதி பில் கிளின்ரன் கைச்சாத்திட்ட சட்டம் வறிய தாய்மாருக்கான அரச உதவியை வெட்டியது. அச்சட்டத்தின் பெயரே 'தனிமனிதப் பொறுப்பு' என்ற சொற்றொடருடன் தொடங்குகின்றது. எட்டாண்டுகளின் பின் அதே சொற்றொடர் உணவுத் துறையில் எடுத்தாளப்பட்டது. 2002 இல் நியூ யோர்க்கில் இரு சிறுமியர் சார்பில் மக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜனவரியில் நீதிபதி றொபேட் சுவீற் அதனைத் தள்ளுபடி செய்தார். மிகையாக உண்பதன் விளைவை அறிந்தே உண்பவர் விற்பவரைக் குறைகூற முடியாது என்பது அவர் முடிவின் சாரம். ஆயின் அதே தீர்ப்பில், அந்நிறுவனத்தின் கோழித் துண்டுகள் வீட்டுச் சமையலில் இடம்பெறாத பல பொருள்களின் விசித்திரக் கலவை என்றும், வாங்குவோர் அதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை என்ற வாதத்துக்கு இடமுண்டு என்றும் அவர் சுட்டினார். பத்திரிகைகள் முதற் பகுதியைக் கேலியோடு பரப்பின. இரண்டாம் பகுதி பெரும்பாலும் மறக்கப்பட்டது.

வழக்குத் தோற்றபோதும் உணவு நிறுவனங்கள் அச்சம் நீங்கவில்லை. 1998 இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டொலர் செலுத்த இணங்கியமை அவர்கள் கண்முன் இருந்தது. 2004 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை, உடற்பருமன் தொடர்பாக உணவு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்வதைத் தடுக்கும் 'உணவு நுகர்வில் தனிமனிதப் பொறுப்பு' மசோதாவை 276 க்கு 139 வாக்குகளால் நிறைவேற்றிற்று. 2005 இல் 306 க்கு 120 ஆக மீண்டும் நிறைவேற்றிற்று. செனற் சபையில் அது சட்டமாகவில்லை. ஆயினும் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஒத்த சட்டங்களை இயற்றிக்கொண்டன. பொறுப்பு என்ற சொல் இங்கே புரியும் தொழிலை நோக்குக: உண்பவருக்கு அது கடமை, விற்பவருக்கு அது காப்பரண்.

2012 இல் நியூ யோர்க் மேயர் மைக்கேல் புளூம்பேர்க் 16 அவுன்சுக்கு மேற்பட்ட இனிப்புப் பானக் கோப்பைகளைத் தடைசெய்ய முனைந்தபோது, அவரைக் குழந்தை வளர்க்கும் ஆயாவாகப் பெண்ணுடை அணிவித்துச் சித்திரித்த முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. சுதந்திரம் பறிபோகின்றது என்பது கூக்குரல். 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கிற்று. 2015 இலோ, நிறைகூடலுக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே காரணம் என்ற கருத்தைப் பரப்பிய ஆய்வாளர் வலையமைப்பு ஒன்றுக்குக் கொக்கா கோலா நிறுவனமே பணம் வழங்கியமை அம்பலமாகி, அவ்வலையமைப்பு கலைந்தது. விஞ்ஞானத்தை விலைக்கு வாங்குதல் இத்துறையில் புதிதன்று. சீனியின் மீதான பழியைக் கொழுப்பின் மீது திருப்பும் வகையில் ஹாவாட் பல்கலைக்கழக அறிஞர் எழுதி 1967 இல் வெளியான மீளாய்வுக்குச் சீனித் தொழிற்சங்கம் பணம் கொடுத்திருந்தமை 2016 இல் ஆவணங்களுடன் வெளிப்படுத்தப்பட்டது.

பொதுமக்கள் மனப்பாங்கைப் பொறுத்தவரை ஒரு முரண் வியப்புக்குரியது. அமெரிக்கரின் உள்ளார்ந்த பாரபட்சங்களை 2007 முதல் 2016 வரை அளவிட்ட ஆய்வொன்று, நிறவேற்றுமை, பாலியல் நாட்டம் என்பவை பற்றிய உள்மனப் பாரபட்சம் குறைந்திருக்க, உடல் நிறை பற்றியது மட்டும் கூடியிருந்தமையைக் காட்டிற்று. நிறமும் பிறப்பும் ஒருவர் தேர்ந்தவையல்ல, பருமன் அவர் தேர்ந்தது என்னும் நம்பிக்கையே இவ்வேறுபாட்டுக்கு அடிப்படையாகலாம். வெறுப்புக்கு நாகரிகமான உடை அணிவிக்க வல்லது பொறுப்புப் பற்றிய பேச்சு. அவ்வெறுப்பால் எவரும் மெலிவதுமில்லை. இழிவுக்குள்ளானோர் சிகிச்சையைத் தவிர்க்கவும் மேலும் நிறை கூடவும் நேர்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2020 இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் கூட்டாக இவ்விழிவுபடுத்தலைக் கண்டித்தன.

எதிர்த்திசையில் வழுக்கி விழுதலும் சாத்தியமே. அமைப்பே அனைத்தும், மனிதன் வெறும் பொம்மை என்று கூறுவோர், தாம் பாதுகாக்க முற்படும் வறியவரையே சிந்திக்கத் தெரியாதவராக ஆக்குகின்றனர். நேரமும் பணமும் சமையலடுப்பும் உள்ள இடத்தில் மக்கள் தேர்கின்றனர், தேர்ந்தும் வருகின்றனர். எவ்வளவு தேர்வுக்கு இடமுள்ளதோ அவ்வளவுக்கே பொறுப்பும் உண்டு என்பதே எம் நிலைப்பாடு.

2021 ஜூனில் பசியைத் தணிக்கும் செமாகுளுரைட் ஊசிமருந்து நிறை குறைப்புக்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றமை இவ்விவாதத்தையே புரட்டிப் போட்டுள்ளது. வாரம் ஒரு ஊசியால் 'மனவுறுதி' வந்து சேருமாயின், அதுகாறும் ஒழுக்கம் எனப் போற்றப்பட்டதில் எவ்வளவு ஓமோனின் செயல் என்பது வினாவாகின்றது. அறிமுகமான காலத்தில் அதன் பட்டியல் விலை மாதத்துக்கு 1300 டொலருக்கு மேல். ஒழுக்கமும் கடைச்சரக்காயிற்று போலும்.

எமது நாட்டுடன் இப்பொருளுக்குள்ள தொடர்பு நாம் நினைப்பதிலும் பழையது. இனிப்பிட்ட தேநீர் ஆங்கிலத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மலிவான சக்தி உணவாக மாறிய வரலாற்றை மானிடவியலாளர் சிட்னி மின்ற்ஸ் 1985 இல் விரிவாக எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொரீசியசினதும் நேற்றாலினதும் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தோரிற் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர். அக்கோப்பையின் இரு பொருள்களிலும் அவர்கள் கைபட்டிருந்தது.

தென்னாசியருக்கு நீரிழிவு குறைந்த நிறையிலேயே வருவதனைக் கருத்திற்கொண்டு, 2004 இல் உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு ஆசியர்க்கு 23, 27.5 என்னும் மேலதிக எல்லைகளை முன்மொழிந்தது. கண்ணுக்குப் பருமனாகத் தோன்றாதவரும் இங்கே நோயாளராவர் என்பதால், தோற்றத்தைக் கொண்டு பழிகூறும் வழக்கம் மருத்துவ அளவிலும் பயனற்றது. இலங்கை 2016 இல் மென்பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீட்டைக் கட்டாயமாக்கிற்று. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி விதித்தது. இரண்டும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் மலையகத்தின் காலை உணவு மென்பானமன்று; கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீருமே. அம்மா அமெரிக்கக் கடனுதவி வழியாக வந்து பழக்கமானது. 1980 முதல் திருகோணமலை ஆலையில் பெருமளவில் அரைபடுகின்றது. நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தில் மாச்சத்தைக் குறைத்து மீனும் மரக்கறியும் பழமும் உண்ணுமாறு அறிவுறுத்தப்பெறும் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் இருந்தது.